பாட்டில் எறிந்த பையனை அரையிறுதியில் இறக்கலாமா?

சிப்புட் கோச்:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 12 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு வாரக் கடைசியில் காற்பந்து பயிற்சி கொடுக்கிறேன், சம்பளமில்லாத வேலை. திடல் பழைய தோட்டத்துத் திடல், மூன்று பக்கமும் இப்போது செம்பனை. பையன்களில் பாதிப் பேர் இன்னும் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார்கள், மீதிப் பேர் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது டவுனுக்கு வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அடுத்த சனிக்கிழமை அரையிறுதி, ஒன்பது பேர் ஆட்டம், பாதிக்கு 20 நிமிடம், வெளியே எடுத்தவனைத் திரும்ப இறக்கலாம். பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டால் அடிதடியில் முடியும் என்பதால் இங்கே கேட்கிறேன்.

காலிறுதி, இரண்டாம் பாதி, 1-1. எங்கள் மூன்றாம் நம்பர் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன், பந்து அவன் காலில் இருக்கிறது, ஏழாம் நம்பர் நடுவில் தனியாக நின்று "கொடு கொடு" என்று கத்துகிறான், இவன் பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டான். ஏழாம் நம்பர் நேரே ஓரத்துக்கு வந்து, யாருடையதோ தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து மூன்றாம் நம்பர் காலடியில் ஓங்கி எறிந்தான். மேலே படவில்லை, ஆனால் மூடி தெறித்து அவன் காலுறை முழுக்க ஈரம். உடனே ஏழாம் நம்பரை வெளியே எடுத்தேன். அவன் பெஞ்சுக்கு வரவில்லை, தாத்தாவின் மோட்டாரில் போய் உட்கார்ந்து, ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியையும் இறக்கிக்கொண்டான், ஆட்டம் முடிகிற வரைக்கும் கழற்றவில்லை. அவன் இல்லாமலே 2-1 ஜெயித்தோம்.

மறுநாள் பயிற்சிக்கு ஏழாம் நம்பர் வந்தான், ஒன்றும் நடக்காத மாதிரி விளையாடினான். மூன்றாம் நம்பரும் வந்தான். பந்து வந்தால் நிறுத்துகிறான், நிறுத்திவிட்டு ஓரடி தள்ளி நின்றுகொள்கிறான், யாராவது வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல.

ஆண்டுத் தொடக்கத்தில் நான் சொன்ன விதி ஒன்று உண்டு: கூட விளையாடுகிறவனை அவமானப்படுத்தினால் அடுத்த ஆட்டம் கிடையாது. ஆனால் இந்த ஏழாம் நம்பர் தனி ரகம். அம்மா அப்பா இருவருக்கும் ஈப்போவில் வேலை, வளர்வது தாத்தாவிடம். அதட்டினால் இறுகிவிடுவான், பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் கேட்பான். அரையிறுதியில் உட்காரவைத்தால் அதற்கப்புறம் வருவானா என்பதே சந்தேகம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பழைய கோல்கீப்பர்:

இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது தம்பி. விதி போட்டது நீங்கள், சொன்னது நீங்கள், உடைத்தது அவன். உட்காரட்டும்.

நாங்கள் தோட்டத்து அணியில் ஆடிய காலத்தில் கோச் என்று தனியாக ஆள் கிடையாது, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை, அதாவது கிராணிதான் கோச், அவருக்குக் காற்பந்து அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் ஒன்று நன்றாகத் தெரியும், யார் மகன் என்று பார்க்க மாட்டார். வேலையை மேற்பார்க்கிற தண்டல் மகனும் உட்கார்ந்திருக்கிறான், நானும் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது எல்லாருக்கும் தனித்தனிக் குணம், தனித்தனி மனசு, தனித்தனிப் பேச்சு என்று ஆகிவிட்டது. கோல் அடிக்கிற பையனுக்கு மட்டும் குணம் இருக்கும், பெஞ்சில் இருக்கிறவன் எறிந்திருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும், நீங்கள் இங்கே வந்து எழுதியிருக்கவே மாட்டீர்கள். ஆளைப் பார்த்து இலை போடுவது பந்தியிலேயே தப்பு, திடலில் அதைவிடத் தப்பு.

மான்செஸ்டர் யுனைடெட் கோச் ஃபெர்குசனைப் பாருங்கள். 2003 பிப்ரவரியில் எஃப்.ஏ. கிண்ணத்தில் ஆர்சனலிடம் தோற்ற அன்று உடைமாற்றும் அறையில் அவர் உதைத்த பூட்ஸ் பெக்கம் புருவத்தில் பட்டது, அந்த ஆண்டு நடுவிலேயே பெக்கம் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தால் என்ன, அணிதான் பெரிது.

தாப்பா டீச்சர்:

ஐயா, பூட்ஸை உதைத்தது கோச், புருவம் கிழிந்தது ஆட்டக்காரருக்கு. ஒழுங்குக்கு இதையா உதாரணம் சொல்வீர்கள்?

அதே ஃபெர்குசன்தான் பிரெஞ்சு ஆட்டக்காரர் கன்டோனாவையும் அணியில் வைத்திருந்தார். 1995 ஜனவரி 25, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் பார்வையாளர் ஒருவரைப் பாய்ந்து உதைத்தார் கன்டோனா. அந்தக் கோடையில் அவர் இங்கிலாந்தே வேண்டாம் என்று கிளம்பியபோது, பாரிஸ் வரைக்கும் போய்ப் பேசித் திரும்ப அழைத்து வந்தவர் ஃபெர்குசன். அக்டோபர் முதல் தேதி லிவர்பூலுக்கு எதிராகத் திரும்பி வந்து பெனால்டி அடித்தார், அந்தப் பருவத்தில் லீக்கும் கிண்ணமும் இரண்டுமே மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு. ஒரே கோச், இரண்டு ஆள், இரண்டு விதம். அதற்குப் பாரபட்சம் என்று பெயர் இல்லை, ஆள் தெரிந்து நடத்துவது.

நான் தமிழ்ப்பள்ளியில் புறப்பாட ஆசிரியை, பையன்களையும் பெண்பிள்ளைகளையும் மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போய்க் கொண்டிருப்பவள். என் அம்மா ரப்பர் மரம் சீவியவர். எல்லா மரத்துக்கும் ஒரே கத்திதான், ஆனால் பட்டையின் தடிப்பைப் பார்த்துத்தான் அழுத்துவார், ஒரே ஆழத்தில் போட்டால் சில மரத்தில் பால் வராது, சில மரத்தில் கட்டையில் பட்டுக் காயமாகிவிடும். விதி ஒன்றாக இருக்கட்டும். அதை ஒரு பையனிடம் சொல்கிற விதமும், எவ்வளவு நேரம் வெளியே வைப்பது என்பதும், அதற்கப்புறம் யார் அவனோடு பேசுவது என்பதும் ஒன்றாக இருக்க முடியாது.

பழைய கோல்கீப்பர்:

டீச்சர், உங்கள் அம்மா சீவினார், நானே சீவியவன். ஆழம் மரத்துக்கு மரம் மாறும், ஒத்துக்கொள்கிறேன். பெரட்டு, அதாவது காலையில் பெயர் கூப்பிடுகிற நேரம் மாறுமா? விடியுமுன்னே எல்லாரும் வரிசையில் நிற்கவேண்டும், அதில் மெல்லிய பட்டை தடித்த பட்டை என்று கிடையாது.

கன்டோனா கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். காற்பந்துச் சங்கம் தடை போடுமுன்னே அந்தப் பருவம் முடிகிற வரைக்கும் அவரை உட்காரவைத்தது அவருடைய சொந்தக் கிளப். சங்கம் அதைச் செப்டம்பர் கடைசி வரைக்கும் நீட்டியது, அவ்வளவுதான். ஃபெர்குசன் பாரிஸுக்குப் போய்ப் பேசியது தண்டனை ஓடிக்கொண்டிருந்தபோது, தண்டனைக்குப் பதிலாக இல்லை. நானும் அதைத்தான் சொல்கிறேன். முதலில் உட்காரவையுங்கள், அப்புறம் பாரிஸுக்குப் போங்கள்.

கூலிம் விங்கர்:

சரியான பாயிண்ட் அங்கிள், ஆனால் கன்டோனா 28 வயது ஆள், சம்பளம் வாங்குகிறவர். இங்கே பேசுவது பதினொரு வயதுப் பையனைப் பற்றி லா.

நான் அந்த ஏழாம் நம்பர் மாதிரிதான் இருந்தேன். பாட்டில் எறியவில்லை, வாய். யார் தப்பு செய்தாலும் அவன் முகத்துக்கு நேரே சொல்லுவேன். எங்கள் கோச் ஒரு நாள் பெயர்ப் பட்டியல் ஒட்டினார், அதில் நான் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானாகக் கேட்கவும் ரோஷம் விடவில்லை. திடல் பக்கமே போகாமல் ரெண்டு மூன்று வருஷம் ஓடிவிட்டது, அப்புறம் படிவம் நான்கில் வேறொரு ஆசிரியர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். உட்காரவைத்ததில் எனக்குக் குறை இல்லை. வாயைத் திறந்து சொல்லாததில்தான்.

பழைய கோல்கீப்பர்:

அதற்கு நான் எதிரி இல்லை தம்பி. சொல்லித்தான் உட்காரவைக்க வேண்டும். ஆனால் உட்காரவைக்க வேண்டும்.

தாப்பா டீச்சர்:

ஐயா கேட்பார் என்று தெரியும், அதனால் ஊகமில்லாத ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஸ்மித், ஸ்மோல் என்று இரண்டு உளவியலாளர்கள் எழுபதுகளிலிருந்து சிறுவர் பேஸ்பால் கோச்சுகளை ஓரத்தில் உட்கார்ந்து கவனித்து எழுதினார்கள். சில கோச்சுகளுக்கு மட்டும் ஒரு பயிற்சி: நல்லதைப் பார்த்த உடனே சொல், தப்பு செய்தவனுக்கு முதலில் தைரியம் சொல்லி அப்புறம் திருத்து, கத்தாதே. வெற்றி தோல்வியில் வித்தியாசமே வரவில்லை. ஆனால் அந்தக் கோச்சுகளிடம் விளையாடிய பிள்ளைகளுக்கு ஆட்டம் அதிகம் பிடித்திருந்தது, அதிலும் தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளைகளிடம்தான் பெரிய மாற்றம். 1992-ல் வந்த ஆய்வில், பயிற்சி பெறாத கோச்சுகளிடம் இருந்த பிள்ளைகளில் 26 விழுக்காட்டினர் அடுத்த ஆண்டு வரவில்லை, பயிற்சி பெற்றவர்களிடம் 5 விழுக்காடு.

பன்னிரண்டு வயதில் நமக்கு முக்கியம் அரையிறுதியா, அடுத்த வருஷமும் எத்தனை பேர் பூட்ஸை மாட்டுகிறார்கள் என்பதா?

பழைய கோல்கீப்பர்:

அமெரிக்காவில், பேஸ்பாலில். அந்தப் பிள்ளைகளை அப்பா காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருப்பார். நம்ம பிள்ளைகளுக்குத் திடல்தான் வீட்டுக்கு வெளியே கிடைக்கிற ஒரே ஒழுங்கு. அது இல்லாமல் டவுன் பஸ் நிலையத்தில் சுற்றுகிற பையன்களைத் தினமும் பார்க்கிறேன், அவர்களுக்கும் ஒரு காலத்தில் "கொஞ்சம் தனி ரகம்" என்று செல்லம் கொடுத்த ஆள் ஒருவர் இருந்திருப்பார்.

அப்புறம் உங்கள் ஆய்விலேயே ஒன்று இருக்கிறது பாருங்கள். பெரிய பலன் தைரியம் குறைந்த பிள்ளைக்கு என்றீர்கள். ஏழாம் நம்பருக்குத் தைரியம் குறைவா?

எட்டாங்கட்டை:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

நான் மூன்றாம் நம்பரின் அப்பா.

கோச் மேல் எனக்குக் கோபமில்லை, சனிக்கிழமை தூக்கத்தை விட்டு நம்ம பிள்ளைகளுக்காக வருகிற மனுஷன். ஆனால் மேலே எழுதியிருப்பதை எல்லாம் ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். ஏழாம் நம்பருக்குத் தாத்தா இருக்கிறார், அப்பா அம்மா ஈப்போவில், அதட்டினால் இறுகுவான், பேசினால் கேட்பான், இவ்வளவும் எல்லாருக்கும் தெரிகிறது. மூன்றாம் நம்பரைப் பற்றி என்ன தெரியும்? காலுறை நனைந்தது தெரியும். ஆளைப் பார்த்து நடத்தவேண்டும் என்று டீச்சர் சொல்வது நியாயம், ஆனால் நம்ம கண்ணுக்கு ஆள் என்று படுவது சத்தம் போடுகிறவன்தான். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். என் பையன் அழவில்லை. வீட்டுக்கு வந்து காலுறையைத் துவைத்துக் காயப்போட்டான், என்ன ஆச்சு என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்லப்பா".

பெரியவருக்கும் ஒன்று சொல்லவேண்டும். எல்லாருக்கும் ஒரே விதி என்று நீங்கள் சொல்கிற விதியில் இன்னொன்றும் இருக்கிறது, கோச் அதை இங்கே எழுதவில்லை: பயிற்சிக்குத் தாமதமாக வந்தால் முதல் பாதி கிடையாது. நாங்கள் இருப்பது எட்டாங்கட்டையில், அதாவது எட்டாவது மைலில், உள்ளே தள்ளி. பள்ளி வேன் சனிக்கிழமை ஓடாது. நான் இரவு வேலை முடிந்து வந்தால்தான் மோட்டார் வீட்டில் இருக்கும். டவுன் அடுக்குமாடியில் இருக்கிற பையன் நடந்து வந்துவிடுவான். விதி ஒன்றுதான், இல்லை என்று சொல்லவில்லை. என் பையன் இந்த வருஷம் பாதி ஆட்டத்தின் முதல் பாதியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், அதைப் பற்றி இங்கே ஒரு தலைப்பும் வரவில்லை.

நெறியாளர்:

ஒரு சின்ன வேண்டுகோள். பிள்ளைகளின் பெயர், பள்ளி, வீட்டு விவரம் எதையும் எழுதவேண்டாம். நம்பரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொடருங்கள்.

சிப்புட் கோச்:

அண்ணே, நீங்கள் எழுதியதற்கு நன்றி. தாமத விதியில் வேன் விஷயம் எனக்குத் தெரியாது, பையன் ஒருநாளும் சொன்னதில்லை. இனி உள்தோட்டத்துப் பையன்களை நானே பிக்அப்பில் ஏற்றிக்கொள்கிறேன், வழியில்தானே. யாருக்காவது வேறு சிரமம் இருந்தால் முதல் நாள் இரவே புலனத்தில் ஒரு வரி போடட்டும்.

ஆனால் மூன்றாம் நம்பரை நான் கவனிக்கவில்லை என்பதை ஏற்க மாட்டேன். எதிராளி எங்கே ஓடப்போகிறான் என்பதை இந்த அணியில் முதலில் பார்க்கிறவன் அவன்தான். பிரச்சினை என்னவென்றால் அவனை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிப் பாராட்டினால் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த பத்து நிமிடம் ஒளிந்தே விளையாடுகிறான்.

தாப்பா டீச்சர்:

அப்படியென்றால் எல்லார் முன்னாலும் செய்யாதீர்கள். தண்ணீர் குடிக்க வரும்போது பக்கத்தில் நின்று, முகத்தைக்கூடப் பார்க்காமல், "அந்த ஒன்பதாம் நம்பர் உள்ளே வெட்டுவான்னு முன்னாடியே பார்த்துட்டே, இல்ல?" என்று ஒரு வரி. பதில் எதிர்பார்க்கக் கூடாது. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு "சூப்பர், அருமை" ஒட்டாது, என்ன செய்தான் என்று குறிப்பாகச் சொன்னால் ஒட்டும்.

இன்னொன்று, ஒன்பதுக்கு ஒன்பதிலேயே பயிற்சி முழுவதையும் ஓட்டினால் அமைதியான பையனுக்குப் பந்தே வராது, அவன் கேட்கவும் மாட்டான். நாலுக்கு நாலு, சின்னக் கட்டம் போடுங்கள். அங்கே ஒளிய இடமில்லை, பந்தும் மாறி மாறிக் காலுக்கு வந்துகொண்டே இருக்கும். சில நேரம் நான் "வாய் திறக்கக் கூடாது" ஆட்டம் வைப்பேன், யார் பேசினாலும் பந்து எதிரணிக்கு. முதலில் சிரிப்பாக இருக்கும், அப்புறம் பாருங்கள், கத்தி வாங்கிக்கொள்கிறவன் திணறுவான், கண்ணால் ஆடுகிறவன் வெளியே வருவான்.

அப்புறம் ஒரு சந்தேகம், கோச். ஏழாம் நம்பர் எந்த மாதம் பிறந்தவன், மூன்றாம் நம்பர் எந்த மாதம்?

சிப்புட் கோச்:

பதிவுப் பாரத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்... ஏழு ஜனவரி. மூன்று நவம்பர். ஒரே வருஷம்.

தாப்பா டீச்சர்:

நினைத்தேன். நம்ம போட்டிகளில் வயது ஜனவரி முதல் டிசம்பர் வரை கணக்கு. பதினொரு வயதில் பத்து மாத வித்தியாசம் கொஞ்சநஞ்சமில்லை, தோளுயரத்தில் தெரியும். உலகம் முழுக்க இளையோர் அணிகளில் வயதுக் கணக்கு தொடங்குகிற முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அதிகமாக இருப்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது. நாம் தைரியசாலி, தலைவன், கூச்சக்காரன் என்று குணம் எழுதுகிற இடத்தில் பாதி பிறந்த மாதமாக இருக்கலாம்.

கூலிம் விங்கர்:

இது எனக்குப் புதிதாக இருக்கிறது. நானும் பிப்ரவரி.

ஒரு யோசனை. பயிற்சி ஆட்டத்தில் "மூன்றாம் நம்பர் கொடுத்து ஏழாம் நம்பர் அடித்தால் ரெண்டு கோல்" என்று வைத்துப் பாருங்கள். ஏழாம் நம்பருக்கு அவன் தேவைப்படுவான், தானாகச் சமாதானம் ஆகிவிடும்.

பழைய கோல்கீப்பர்:

வேண்டவே வேண்டாம். அடி வாங்கியவனை அடித்தவனுக்குப் பந்து எடுத்துக் கொடுக்கிற ஆளாக்குவதா? கோல் அவனுக்கு, எடுபிடி வேலை இவனுக்கு. நான் சொல்வதைச் செய்யுங்கள், ஏழாம் நம்பரைப் பயிற்சியில் இடப்பக்கத் தடுப்பில் நிறுத்துங்கள், எதிரே இரண்டு வேகக்காரன்களை விடுங்கள். காலில் பந்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் மேலே பாய்ந்து வந்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியட்டும்.

கூலிம் விங்கர்:

அங்கிள், அது இதைவிட மோசம். தண்டனைக்கு அனுப்புகிற இடம் இடப்பக்கத் தடுப்பு என்று ஆகிவிட்டால் அங்கேயே விளையாடுகிற மூன்றாம் நம்பர் என்ன நினைப்பான்? அவன் இடம் ஜெயிலா?

பழைய கோல்கீப்பர்:

...அதை நான் யோசிக்கவில்லை. சரி, தண்டனை என்று சொல்லாமல் எல்லாரையும் இடம் மாற்றி நிறுத்தட்டும். கோல்கீப்பர் உட்பட. குறிப்பாகக் கோல்கீப்பர் இடத்தில் ஏழாம் நம்பரை நிறுத்துங்கள், தப்பு செய்தால் மறைக்க ஆளில்லாத இடம் அது ஒன்றுதான். மலேசியக் கோல்கீப்பர் ஆறுமுகம் மாதிரி ஆளே, ஸ்பைடர்மேன் என்று நாடே கொண்டாடிய ஆள், கோல் விட்டால் தனியாகக் குனிந்துதான் வலையிலிருந்து பந்தை எடுத்தார்.

கூலிம் விங்கர்:

தப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. 2010-ல் தென்கிழக்காசிய நாடுகளின் சுசூக்கி கிண்ணத்தில் ராஜகோபால் பயிற்றுவித்த மலேசியா முதல் ஆட்டத்தில் இந்தோனேசியாவிடம் 5-1 அடி வாங்கியது. அதே அணிதான் இறுதியின் முதல் ஆட்டத்தில் அதே இந்தோனேசியாவைப் புக்கிட் ஜாலிலில் 3-0 அடித்தது, ஜகார்த்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 2-1 தோற்றும் மொத்தக் கணக்கில் கிண்ணத்தைத் தூக்கியது. ஒரு மோசமான நாளை வைத்து ஆளை எழுதித் தள்ளக் கூடாது.

பழைய கோல்கீப்பர்:

ஐந்து கோல் வாங்குவது ஆட்டம். பாட்டில் எறிவது ஆட்டம் இல்லை. ராஜகோபாலை இதற்குள் இழுக்காதே தம்பி.

தாப்பா டீச்சர்:

முழு ஆட்டம் உட்காரவைப்பது பற்றி. காற்பந்துச் சட்டங்களை எழுதுகிற ஐஎஃப்ஏபி 2017-லிருந்தே சிறுவர், அடிமட்ட ஆட்டங்களில் தற்காலிக வெளியேற்றத்தை அனுமதிக்கிறது, மொத்த நேரத்தில் 10 முதல் 15 விழுக்காடு என்பது பரிந்துரை. உங்கள் 40 நிமிட ஆட்டத்தில் அது 4 முதல் 6 நிமிடம். சிறுவனுக்குக் கோபம் இறங்க அது போதும் என்று நினைக்கிறேன். போன வாரம் மீதி ஆட்டம் முழுக்க ஹெல்மெட்டுக்குள் இருந்தாயிற்று. அதற்குமேல் அரையிறுதி முழுவதும் என்றால் எனக்குச் சம்மதமில்லை.

பழைய கோல்கீப்பர்:

ஆறு நிமிடமா! தண்ணீர் குடித்து முடிக்கவே ஆறு நிமிடம் ஆகும். ஹெல்மெட்டுக்குள் இருந்தது அவனாகப் போட்டுக்கொண்ட கோபம், அதைத் தண்டனைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தச் சட்டமும் நடுவர் அந்த ஆட்டத்தில் அனுப்புவதற்கு. இது அணிக்குள் போட்ட விதி, எல்லாரும் கேட்டுத் தலையாட்டிய விதி.

எட்டாங்கட்டை:

நேற்று ராத்திரி பையனோடு பேசினேன். மோட்டாரில் கடைக்குக் கூட்டிப்போனேன், முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டும்போதுதான் அவனுக்குப் பேச்சு வரும். பந்தை ஏன் வெளியே அடித்தாய் என்று கேட்டேன். "அடி, வெளியே அடின்னு அங்கிள் கத்தினாரு" என்றான். எந்த அங்கிள் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் பாதியில் இடப்பக்கம் என்பது நம்ம ஆட்கள் எல்லாரும் நிற்கிற மரத்தடிப் பக்கம். ஒரு காதில் கொடு, ஒரு காதில் அடி. பெரியவர் சொன்னால் கேட்கவேண்டும் என்று வீட்டில் சொல்லித்தானே வளர்க்கிறோம், கேட்டிருக்கிறான். அதற்குத்தான் பாட்டில்.

அப்புறம் ஒன்று கேட்டான்: "முதல் பாதி லெஃப்ட்ல நின்னுட்டு ரெண்டாவது பாதி ரைட்டுக்குப் போகட்டுமா?"

சிப்புட் கோச்:

புரிகிறது அண்ணே. பாதி மாறும்போது பக்கமும் மாறும், அப்படி நின்றால் இரண்டு பாதியிலும் அவன் மரத்தடிக்கு எதிர்ப்பக்கம். இதை அவனே கண்டுபிடித்தானா?

எட்டாங்கட்டை:

ஆமாம்.

பழைய கோல்கீப்பர்:

கெட்டிக்காரன். பெற்றோரைக் கயிறு கட்டித் தள்ளி நிறுத்துங்கள் கோச், கோலுக்குப் பின்னால் மட்டும் வேண்டாம், அங்கே கத்தினால் கோல்கீப்பர் தலையில்தான் விழும், எனக்குத் தெரியும்.

தாப்பா டீச்சர்:

கயிறு எதற்கு, ஆட்டத்துக்கு முன்னால் பெற்றோரை அழைத்து, கை தட்டலாம், பெயர் சொல்லலாம், என்ன செய்யவேண்டும் என்று மட்டும் கத்தக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். கேட்கமாட்டார்கள். இருந்தாலும் சொல்லுங்கள், மூன்று பேராவது குறைவார்கள்.

சிப்புட் கோச்:

இப்படிச் செய்யப்போகிறேன். மூன்றாம் நம்பர் முதல் ஒன்பதில் இருக்கிறான், அவன் கேட்ட மாதிரி பக்கம் மாறி. அவன் வலப்பக்கம் போகும்போது இடப்பக்கத்துக்குக் கேப்டனைக் கொண்டுவருகிறேன், யார் எவ்வளவு கத்தினாலும் அவன் காதில் ஏறாது, நான் கத்தினாலே ஏறாது.

ஏழாம் நம்பர் முதல் பாதி வெளியே. அடுத்த ஆட்டம் கிடையாது என்று சொன்ன விதியை அப்படியே வைத்தால் முழு ஆட்டமும்தான், ஆனால் கோல்கீப்பர் பையன் போன மாதம் ஒருவனைக் குண்டன் என்று சொல்லி அழவைத்தபோது நான் பேசியதோடு விட்டேன், அவன் உடனே மன்னிப்புக் கேட்டான் என்பதால். இவனும் கேட்கட்டும், கேட்டால் பாதி, கேட்காவிட்டால் முழுதும். வியாழக்கிழமை வீட்டுக்கே போய் தாத்தா முன்னால் வைத்துச் சொல்கிறேன், மூன்றாம் நம்பர் காதில் இரண்டு பேர் கத்தினார்கள் என்பதையும் சேர்த்து.

தாப்பா டீச்சர்:

மன்னிப்பை நேரத்துக்கு விலை பேசினால் வாயால் கேட்பான், மனசால் கேட்க மாட்டான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போவது நல்லது. தாத்தா முன்னால் என்பது நல்லதா என்று யோசியுங்கள், முதலில் அவனிடம் தனியாக.

பழைய கோல்கீப்பர்:

நானும் ஒத்துக்கொள்ளவில்லை, வேறு காரணத்துக்கு. முழு ஆட்டம் என்று சொன்னால் முழு ஆட்டம். கோல்கீப்பரை அன்றைக்கே உட்காரவைத்திருந்தால் இன்றைக்கு இந்தப் பேரமே வந்திருக்காது.

ஆட்டம் எத்தனை மணிக்கு? ஈப்போவிலிருந்து என் மகன் காரில் வருகிறேன், கோல்கீப்பர் பையனை முன்கூட்டியே அனுப்புங்கள், அவனுக்குக் கொஞ்சம் கை வேலை சொல்லித்தரவேண்டும், வாய் வேலையைப் பற்றியும் பேசவேண்டும்.

சிப்புட் கோச்:

காலை 9 மணி. 8 மணிக்கு அவனை அனுப்புகிறேன் ஐயா. அண்ணே, எட்டாங்கட்டைச் சந்திப்பில் 7.15-க்கு பிக்அப் நிற்கும்.

எட்டாங்கட்டை:

சரி. பக்கத்து வரிசையில் இன்னும் ரெண்டு பையன்கள் இருக்கிறார்கள், பதினோராம் நம்பரும் அவன் தம்பியும். இடம் இருக்குமா?